ஊசி குத்துவதற்கு முன்பே கேளுங்கள், துண்டு எந்தப் பாட்டிலுக்குப் போகிறது என்று

நுரையீரலில் பயாப்ஸி, அதாவது சோதனைக்காகச் சின்னத் திசுத் துண்டு, எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அந்த நிலையில் நான் இருந்தபோது, போய்வந்த யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னது நடக்கும், இன்னதைக் கேட்டுக்கொள் என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினேன். எனக்கு அமையவில்லை. கணவர் இல்லை. மகள் கோயம்புத்தூரில் கைக்குழந்தையோடு இருந்தாள், அவளைப் பதற வைக்க மனம் வரவில்லை. தேனிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். பயாப்ஸி, பெட் ஸ்கேன், அறை வாடகை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்கு மேல் கையைவிட்டுப் போனது. ஏறத்தாழ இரண்டு மாதம் வீணானது. அந்த நாட்களில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கேள்வியால் மிச்சப்பட்டிருக்கும். அதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

வறட்டு இருமலில்தான் ஆரம்பித்தது. சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காயும், ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்துப் போனது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேல் பகுதியில் ஒரு வெள்ளைத் திட்டு. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் கரையவில்லை. சி.டி. எடுத்தார்கள், 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி, ஓரமெல்லாம் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. சளி கொடுக்கச் சொன்னார்கள், வறட்டு இருமலில் சளி எங்கே வரும், எச்சில்தான் வந்தது. அதில் கிருமி இல்லை என்றார்கள். அடுத்து பெட் சி.டி. கட்டி நன்றாக ஒளிர்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஒளிர்கிறது என்றால் புற்றுநோய் என்று நானே முடிவு கட்டி, மூன்று இரவு தூங்கவில்லை. நகை எங்கே இருக்கிறது, பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்.

பின்னால்தான் ஒரு டாக்டர் விளக்கினார். பெட் ஸ்கேனில் ஊசி வழியாக ஏற்றுவது ஒரு வகைச் சர்க்கரை. எந்தத் திசு அதை வேகமாக இழுத்துக்கொள்கிறதோ அது ஒளிரும். புற்றுநோய் செல்லும் இழுக்கும், காசநோய்ப் புண்ணைச் சுற்றிச் சண்டை போடும் நம் செல்லும் இழுக்கும். காசநோய் இவ்வளவு பரவலாக இருக்கும் நம் நாட்டில், ஒளிர்ந்தது என்பதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அதனால்தான் பயாப்ஸி. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் நீங்களாகப் படித்துப் பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், படிக்கத்தான் செய்வீர்கள். படித்துவிட்டு டாக்டரிடம், "இது வேறு என்னவாக இருக்கலாம்?" என்று நேராகவே கேளுங்கள்.

எந்த வழியில் துண்டு எடுப்பது என்பது கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் வாய் அல்லது மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் ப்ராங்கோஸ்கோப்பி. நெஞ்சுக்கூட்டின் ஓரத்தை ஒட்டி இருந்தால் சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து ஊசி. என் கட்டி முதுகுப் பக்கம் இருந்ததால் ஊசி என்று முடிவானது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

போன உடனே கேட்ட முதல் கேள்வி, "கூட யாரும்மா வந்திருக்கா?" அட்டெண்டர் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றார்கள். நல்லவேளை, அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தனியாக இருப்பவர்கள் இதை முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள். உடன் வருபவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார், மருந்துக் கடைக்கும் பில் கவுன்டருக்கும் எக்ஸ்ரே அறைக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடக்கத் தெம்புள்ளவராக, கேள்வி கேட்கக் கூச்சப்படாதவராக இருந்தால் நல்லது.

எனக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வந்து, "தாத்தா, ஹார்ட்டுக்கு மாத்திரை ஏதும் போடுறீங்களா?" என்றாள். "ரெண்டு வருசமா போடுறேன் தாயி, ஸ்டென்ட் வச்சாங்கள்ல" என்று மடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். அது க்ளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு நுரையீரலில் ஊசி போட்டால் ரத்தக்கசிவு எளிதில் நிற்காது. பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ் காசும் போச்சு, ஒரு நாளும் போச்சு, அவர் மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேதி கொடுக்கும்போதே இதைக் கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின், அதைப்போல ரத்தம் நீர்க்கவைக்கும் மாத்திரை எதுவாக இருந்தாலும் தேதி வாங்கும் அன்றே அட்டையோடு காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது. குறிப்பாக ஸ்டென்ட் வைத்தவர்கள், இதய டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றோடு போகும் நாளில் அதை என்ன செய்வது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய தாள் முழுக்க ஆங்கிலம். எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் அந்தப் பதற்றத்தில் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஜூனியர் டாக்டர் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் பேனாவைத்தான் நீட்டுவார்கள்.

சரி, வலியைப் பற்றி. குப்புறப் படுக்க வைத்து, முதுகில் கோடு கோடாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டி ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கணக்குப் பார்த்துப் பேனாவால் புள்ளி வைத்தார்கள். பெட்டாடைன் முதுகில் ஜில்லென்று ஓடியது. மரத்துப்போக ஊசி போட்டபோது சுருக்கென்று எரிந்தது, உண்மையில் வலி என்று சொன்னால் அதுதான். அதற்குப் பிறகு ஒரு அழுத்தம், ஆழத்தில் யாரோ விரலை வைத்து அழுத்துவது தெரியும், அவ்வளவுதான். ஊசி உள்ளே இருக்கும்போதே மேசை ஸ்கேனுக்குள் போகும், வெளியே வரும். ஸ்கேன் ஓடும் நேரத்தில் எல்லோரும் அறையைவிட்டு வெளியே போய்விடுவார்கள். முதுகில் ஊசியோடு தனியாகக் கிடக்கும் அந்தச் சில நிமிடம்தான் மனதைப் பிசைந்தது. வெளியே கண்ணாடிக்குப் பின்னால் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியவில்லை. துண்டு எடுக்கும் கருவி ‘டக்’ என்று பலத்த சத்தம் போடும். அதை முதலில் வெளியே ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திடுக்கிட்டு உடம்பு அசைந்துவிடும்.

மூச்சு விஷயம் முக்கியம். "மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். ஒரு தடவை ஆழமாகவும் மறுதடவை மேலோட்டமாகவும் இழுத்தால் கட்டி இடம் மாறிவிடும், ஊசி தவறும். ஒரே அளவில் இழுத்து நிறுத்த வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள், குப்புறப் படுத்தும் பழகுங்கள். என்னைப்போல் இருமல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது இருமுவது ஆபத்து, அடக்குவதற்கு மருந்து கொடுப்பார்கள். இருமல் வரும்போல இருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும், அடக்கிப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

முடிந்ததும் ஒரு சின்னப் பாட்டிலை நர்ஸ் என் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினாள். சேமியாவை உடைத்துப் போட்டதுபோல வெளிறிய நாலைந்து துண்டு, தண்ணீர் மாதிரி ஒரு திரவத்தில் மிதந்தது. இதற்காகவா இத்தனை நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று நினைத்தேன். மூடி சரியாக மூடவில்லை, காரமான நெடி மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. ஃபார்மலின். பாட்டிலைத் தங்கச்சி கையில் கொடுத்து இரண்டாவது மாடி லேபில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். பாட்டிலில் பெயர், வயது, எந்தப் பக்க நுரையீரல் என்று எழுதியிருக்கிறதா என்று அவள் பார்த்தாள். பக்கம் எழுதவில்லை, திரும்பி வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனாள். அவள் புத்திசாலி.

ஊசி குத்திய பக்கம் கீழே இருக்கும்படி சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும், பேசக் கூடாது, எழுந்து உட்காரக் கூடாது. எனக்கு முதுகில் குத்தியதால் மல்லாந்து படுக்க வைத்தார்கள். சளியில் சிவப்புக் கோடாக ரத்தம் வந்தது. அது ஓரிரு நாள் வரலாம், பயப்பட வேண்டியதில்லை. கொப்பளித்துத் துப்புகிற அளவுக்கு வந்தால்தான் ஓட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூச்சை இழுத்தால் வலது தோளில் பிடித்து இழுக்கிற மாதிரி வலி. தோள்தானே, படுத்த வாக்கு சரியில்லை என்று யாருக்கும் தோன்றும். நர்ஸிடம் சொன்னேன், உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். ஊசி போன வழியாக நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து தேங்கியிருந்தது. நியூமோதோராக்ஸ் என்கிறார்கள். பத்துப் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு, சிலசமயம் அதற்கு மேலும் நடக்கிற விஷயம் இது. நிறையப் பேருக்குத் தானாகவே வற்றிவிடும். காற்று அதிகமானால் விலா இடுக்கில் குழாய் போட்டு எடுப்பார்கள். நாள்பட்டுப் புகை பிடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம். எனக்குச் சிறிய அளவுதான், ஆக்சிஜன் வைத்து இரவு முழுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் எக்ஸ்ரேயில் குறைந்திருந்தது, அனுப்பிவிட்டார்கள்.

காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். ஒரு நாள் தங்குவதற்குத் தயாராகவே போங்கள். காற்று கசிவது சில மணி நேரம் கழித்தும், மறுநாளும்கூடத் தெரியலாம். வெளியூர்க்காரர்கள் அன்று இரவு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குங்கள், நடு ராத்திரி பஸ்ஸில் மூச்சு வாங்க ஆரம்பித்தால் யார் இருக்கிறார்கள்? திடீரென்று மூச்சுத் திணறல், கூடிக்கொண்டே போகும் நெஞ்சு வலி அல்லது தோள் வலி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காற்று கசிந்தவர்கள் விமானத்தில் ஏறக் கூடாது. முழுக்க வற்றிவிட்டது என்று எக்ஸ்ரேயில் உறுதியான பிறகும் ஒரு வாரமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் டிக்கெட் போடும் முன் இதை யோசியுங்கள்.

இனிமேல்தான் என் நெஞ்சை அறுத்த பகுதி. ஒரு வாரத்துக்குப் பிறகு ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் செல் இல்லை, கிரானுலோமா இருக்கிறது, காசநோயா என்று பார்க்கவும் என்று எழுதியிருந்தது. எனக்குக் காலடியில் தரை திரும்ப வந்த மாதிரி இருந்தது, டாக்டர் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை. கிரானுலோமா என்பது உடம்பு எதையோ சுற்றி வளைத்துக் கட்டிவைத்திருக்கும் முடிச்சு. காசநோயில் வரும், சில பூஞ்சைத் தொற்றில் வரும், சார்கொய்டோசிஸ் என்ற நோயிலும் வரும். சார்கொய்டுக்குக் கொடுப்பது ஸ்டீராய்டு. காசநோய் இருப்பவருக்கு அதை மட்டும் கொடுத்தால் நோய் கட்டுக்கடங்காமல் போகும். காசநோய்தான் என்றாலும் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்று தெரிய வேண்டும். அதற்கு உயிருள்ள கிருமி வேண்டும், வளர்த்துப் பார்க்க வேண்டும். "அந்தத் துண்டிலேயே பாருங்களேன்" என்றேன். "எல்லாம் ஃபார்மலினில் போய்விட்டதே அம்மா" என்றார்.

ஃபார்மலின் திசுவைக் கெடாமல் வைக்கும், கூடவே கிருமியையும் கொன்றுவிடும். அதிலிருந்து கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்யவே முடியாது. மரபணுச் சோதனையை ஓரளவு செய்யலாம், ஆனால் இல்லை என்று வந்தால் நம்ப முடியாது. ஒரே ஒரு துண்டை, ஒன்றே ஒன்றை, சாதாரண சலைன் (உப்புநீர்) ஊற்றிய இன்னொரு பாட்டிலில் போட்டிருந்தால் அன்றைக்கே சி.பி.நாட் சோதனைக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டு மணி நேரச் சோதனை அது. காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கட்டுப்படுமா என்று இரண்டையும் சொல்லிவிடும். மீதியைக் கல்ச்சருக்கு வைத்திருக்கலாம். புற்றுநோய் என்ற ஒரே எண்ணத்தில் ஊசி போட்டவர்களுக்கு அந்த இரண்டாவது பாட்டில் ஞாபகத்துக்கு வரவில்லை. சலைன் பாட்டில் என்ன விலை? இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

அதனால் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், மேசையில் படுப்பதற்கு முன், ஊசி போடப்போகும் டாக்டரிடமே கேளுங்கள். "என்னென்ன சோதனைக்கு அனுப்பப் போறீங்க? டி.பி.க்கும் சலைன்ல தனியா எடுப்பீங்களா?" என்று கேட்டால் போதும். உங்களை அனுப்பிய நெஞ்சக டாக்டர் ஒருவர், ஊசி போடும் ரேடியாலஜி டாக்டர் இன்னொருவர், இரண்டு பேரும் அன்று பேசிக்கொண்டார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சீட்டில் எழுதி வாங்குங்கள். புற்றுநோய்ச் சந்தேகம் பலமாக இருப்பவர்கள் இன்னொன்றும் கேளுங்கள். துண்டு போதுமான அளவு எடுப்பார்களா? ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்று மரபணு மாற்றங்களைப் பார்த்துத்தான் இன்று பலருக்கு மாத்திரையா கீமோவா என்று முடிவு செய்கிறார்கள், அதற்குத் திசு மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் ஊசிதான். புற்றுநோய் செல் இல்லை என்று வந்தாலும், வேறு காரணம் இன்னதென்று ரிப்போர்ட் சொல்லாவிட்டால், அத்தோடு விட்டுவிடாதீர்கள். ஊசி கட்டியின் ஓரத்தில் பட்டிருந்தாலும் அப்படித்தான் வரும்.

முதலில் பார்த்த இடத்தில், சோதனை முறையில் காசநோய் மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்றார்கள். ஈரலைத் தாக்கக்கூடிய மருந்தை இருட்டில் சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். நெஞ்சக நோய்ப் பிரிவில் கூட்டம் அள்ளியது, காத்திருப்பில் நாட்கள் ஓடின, ஆனால் அங்கே இருந்த டாக்டர் அம்மா எல்லா ஃபிலிமையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை ப்ராங்கோஸ்கோப்பி. கழுவி எடுக்கிற தண்ணியிலயே பார்த்துடலாம்" என்றார். தொண்டையில் கசப்பான மருந்தை அடித்து மரக்க வைத்தார்கள். குழாய் இறங்கும்போது மூச்சே நின்றுவிடும்போல இருக்கும், நிற்காது, மூக்கால் மெதுவாக இழுத்தால் வரும். மரத்த தொண்டை சரியாகும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, புரை ஏறிவிடும். அன்று சாயங்காலம் காய்ச்சல் அடித்தது, ஒரு பாராசிட்டமாலில் தணிந்தது. ஏறக்குறைய செலவே இல்லை. சி.பி.நாட்டில் காசநோய் என்று வந்தது, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை. அழுதேன். டி.பி. வந்ததற்கு ஒருத்தி நிம்மதியில் அழுவாள் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அப்பா காலத்தில் டி.பி. என்றால் தாம்பரம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். இன்று வீட்டிலிருந்தே ஆறு மாத மாத்திரை, அதுவும் இலவசம். நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவில் பெயர் சேர்த்தால் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும், 2024 நவம்பருக்கு முன்பு அது 500. தனியாரில் வைத்தியம் பார்த்தாலும் பதிவு உண்டு.

காப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பில்லை நிராகரித்துவிட்டார்கள், பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் பாலிசியில் இடமில்லை என்று. இது பெரும்பாலும் எல்லா மருத்துவப் பாலிசியிலும் இருக்கும் விதிவிலக்கு. பாலிசியை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போகாதீர்கள், முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் பயாப்ஸி எடுத்தது மட்டும்தான் இருந்தது, காற்று கசிந்ததும் ஆக்சிஜன் வைத்ததும் ஒரு வரிகூட இல்லை. திருப்பிப் போய்ச் சேர்த்து எழுதி வாங்கி, அது சிகிச்சைதானே என்று நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதினேன். அந்த இரவுக்கான தொகையை மட்டும் கொடுத்தார்கள். அங்கும் கைவிரித்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிராகரித்த ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், கட்டணம் இல்லை. பின்னால் அதே நோய்க்காகச் சேர்ந்து வைத்தியம் பார்க்க நேர்ந்தால், சேர்வதற்கு முன்பு ஆன பரிசோதனைச் செலவையும் 30 அல்லது 60 நாள்வரை பாலிசிப்படி கேட்க முடியும், எந்த ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

லேபில் உங்கள் துண்டின் ஸ்லைடும், மெழுகில் பதித்துவைத்த பாரஃபின் பிளாக்கும் இருக்கும். இரண்டாவது கருத்துக் கேட்கப் போனால் அவற்றைக் கேட்டு வாங்கிப் போகலாம், பிளாக்கைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாத்திரை முடித்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் அதே இடத்தில் ஒரு தழும்பு நிற்கிறது, அது போகாதாம். அதனால் பழைய சி.டி. படத்தையும் அதன் வட்டையும் சி.பி.நாட் ரிப்போர்ட்டையும் ஒரே பையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். போன மாதம் வேறு ஒரு காரியமாக எக்ஸ்ரே எடுத்தபோது அங்கிருந்த டாக்டர், "இது என்ன, பயாப்ஸி பார்த்தீங்களா?" என்று கேட்டார். பையைத் திறந்து காட்டினேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பழைய தழும்புதான் என்று எழுதிக் கொடுத்தார்.